ராணுவம் இருக்கட்டும், சட்டம் போகட்டும்



ஊரிலிருந்து உறவினர் யாராவது குவாஹாத்திக்கு வந்தால், காமாக்யா கோயிலையும் பிரம்மபுத்திரா நதியையும் பார்த்து முடித்தபின் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஆஃப்ஸ்பா, ஆஃப்ஸ்பா என்று செய்தியில் வருகிறதே, அது என்ன? இங்கே உள்ள ஜனங்களுக்கு அது வேண்டுமா, வேண்டாமா?” முதல் கேள்விக்குப் பதில் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது. ரயில்வேயில் இந்தப் பகுதியில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நான் கண்டதையும் படித்ததையும் இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

சட்டம் பிறந்த கதை

1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் வெடித்தபோது அதை அடக்க வைஸ்ராய் லின்லித்கோ ஓர் அவசரச் சட்டம் கொண்டு வந்தார். ஆயுதப் படைகளுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் சட்டம் அது. நாகா மலைகளில் கிளர்ச்சி மூண்டபோது, சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் 1958ல் ஏறத்தாழ அதே சட்டத்தைப் புதிதாக நிறைவேற்றியது. மணிப்பூர் உறுப்பினர் லைஷ்ராம் அச்சாவ் சிங் அப்போதே மக்களவையில் கடுமையாக எதிர்த்தார்.

ஓர் இடம் ‘கலவரப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்டால் இந்தச் சட்டம் அங்கே உயிர் பெறும். அதன்பின் ஹவில்தார் அந்தஸ்தில் உள்ள ஒருவர்கூட, உரிய எச்சரிக்கை கொடுத்துவிட்டு, உயிர் போகும் அளவுக்குச் சுடலாம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், வீடு புகுந்து சோதனை போடலாம். கைதானவரைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஐந்தாம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஆறாம் பிரிவுதான் சர்ச்சைக்கெல்லாம் மூலம். மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் படையினர் மீது வழக்கு நடத்த முடியாது என்கிறது அது.

மணிப்பூர் முழுவதும் 1980லும், அஸ்ஸாம் 1990 நவம்பரிலும் கலவரப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. 1997ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே சமயம், அறிவிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

இருப்புப் பாதையில் கண்டது

லம்டிங் கோட்டத்தின் மலைப் பகுதியில் நான் பி.டபிள்யூ.ஐ. ஆக இருந்த காலம். அப்போது அது மீட்டர் கேஜ் பாதை. சுரங்கங்களும் பாலங்களும் நிறைந்தது. சில நாட்களில் டிராலியில் போகும்போது துப்பாக்கி ஏந்திய ஜவான்கள் கூட வருவார்கள். அவர்கள் இருக்கும்போது எங்களுக்குத் தெம்பாக இருக்கும். அவர்கள் இல்லாத இரவில் ரயிலுக்கு முன்னால் பைலட் இன்ஜின் போகும் சத்தம் கேட்டால்தான் தூக்கமே வரும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2022 ஜூனில் மணிப்பூரின் துபுல் என்னுமிடத்தில் ரயில்பாதைக் கட்டுமான முகாம் மீது மலை சரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அவர்களில் பலர் அந்த வேலைக்குக் காவல் நின்ற பிரதேச ராணுவத்தினர்.

ஆனால் இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ஜவான்களோடு போனால் பாதையோரக் கிராமத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘எல்லாம் நல்லபடியாக இருக்கிறது பாபு’ என்பார்கள். தனியாகப் போனால் உட்காரவைத்து, பால் இல்லாத டீ கொடுத்து, எல்லாவற்றையும் கொட்டுவார்கள். கேட்டவன் நான்தான், சொன்னவரும் அவர்தான். பக்கத்தில் நின்றவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறியது. பொதுஜன அபிப்பிராயம் என்பதைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

என் கீழ் வேலை பார்த்த கேங்மேன் ஒருவரை ஒரு நாள் ஒரு படைப் பிரிவு அழைத்துச் சென்றது. மூன்று இரவுகளுக்குப் பின் விட்டார்கள். திரும்பி வந்தவர் நேராக வேலைக்கு வந்துவிட்டார். அடித்தார்களா என்று கேட்டேன், பதில் இல்லை. வெகுநேரம் கழித்து, “பாபு, நான் யாரிடம் போய்க் கேட்பது?” என்றார். காவல் நிலையத்தில் எந்தப் பதிவும் கிடையாது. மனு கொடுக்க வேண்டிய இடம் எது என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தாய்மார்கள் எழுந்தபோது

இதே கேள்விதான் 2004ல் மணிப்பூரை உலுக்கியது. அவ்வாண்டு ஜூலையில் தங்ஜம் மனோரமா என்ற பெண்ணை அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் படையினர் இரவில் வீட்டிலிருந்து அழைத்துச் சென்றனர். மறுநாள் அவர் பிணமாகக் கிடந்தார். ஜூலை 15ஆம் தேதி, பன்னிரண்டு தாய்மார்கள் இம்பாலில் காங்லா கோட்டை வாசலில் ஆடை களைந்து நின்று நியாயம் கேட்டார்கள். ஊரே வீதிக்கு வந்தது. ஆகஸ்டில் இம்பால் நகரின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளிலிருந்து சட்டம் விலக்கப்பட்டது. நவம்பரில் காங்லா கோட்டையைப் படையினர் காலி செய்தனர்.

அப்போது மத்திய அரசு நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி தலைமையில் ஐவர் குழுவை அமைத்தது. குழுவில் லெப்டினன்ட் ஜெனரல் வி.ஆர். ராகவனும் இருந்தார். வடகிழக்கின் பல இடங்களுக்கும் போய் மக்களையும் அதிகாரிகளையும் கேட்ட அந்தக் குழு, 2005 ஜூனில் அறிக்கை தந்தது. அதில் என் மனத்தைத் தொட்டது ஒரு செய்தி. பெரும்பாலான மக்கள் சொன்னது ‘ராணுவம் போகட்டும்’ என்பதல்ல. தீவிரவாதிகளிடமிருந்து காக்க ராணுவம் இருக்கட்டும், இந்தச் சட்டம் மட்டும் போகட்டும் என்பதுதான். சட்டத்தை நீக்க வேண்டும், தேவையான அதிகாரங்களை வேறொரு சட்டத்தில் வரம்போடு சேர்க்க வேண்டும், மாவட்டந்தோறும் குறை கேட்கும் அமைப்பு வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை.

தொண்ணூறு ஓட்டு

“மக்கள் எதிர்த்தால் ஓட்டில் காட்டியிருப்பார்களே?” என்று கேட்பவர்கள் உண்டு. மாலோம் என்ற ஊரில் 2000 நவம்பரில் பஸ்ஸுக்கு நின்ற பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து உண்ணாவிரதம் தொடங்கிய இரோம் ஷர்மிளா, 2016 ஆகஸ்டில்தான் அதை முடித்தார். அடுத்த ஆண்டு தேர்தலில் நின்றார். கிடைத்தவை 90 ஓட்டுகள். ‘யாருக்கும் இல்லை’ என்ற பொத்தானுக்கு அதைவிட அதிகமாக விழுந்தது. ஆகவே மக்களுக்கு இந்தச் சட்டம் பிடித்துவிட்டது என்று கொள்ளலாமா? கூடாது. சாலை, குடிநீர், ஜாதி, சொந்தபந்தம், ஜெயிக்கும் ஆள் யார் என்று பலவற்றையும் பார்த்துப் போடுவது ஓட்டு. ஒரு சட்டத்தை மட்டும் அதில் நிறுத்துப் பார்க்க முடியாது.

அதேபோல, ஊர்வலத்தை மட்டும் பார்த்தும் முடிவு கட்ட இயலாது. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமின் 23 மாவட்டங்களிலும் மணிப்பூர் சமவெளியின் 15 காவல் நிலைய எல்லைகளிலும் சட்டம் விலக்கப்பட்டது. மணிப்பூர் மலைகளில் நீடித்தது. 2023 மே மாதம் மெய்தே, குக்கி மக்களிடையே கலவரம் மூண்டது. 2024 நவம்பரில் ஜிரிபாம் உள்ளிட்ட ஆறு காவல் நிலையப் பகுதிகளில் சட்டம் திரும்ப வந்தபோது, மெய்தே அமைப்புகள் அதை விலக்கு என்றன. குக்கி தரப்பினர் சமவெளி முழுமைக்கும் போடு என்றனர். தன் தெருவில் வேண்டாம், எதிரியின் தெருவில் வேண்டும்! பயத்தில் இருப்பவரிடம் கேட்கும் அபிப்பிராயம் அப்படித்தான் வரும்.

நம்மவர்களும் இந்த நடுவில் இருக்கிறார்கள். மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரில் ஒரு தமிழ்ச் சமூகம் இருக்கிறது. பர்மாவிலிருந்து அகதிகளாக வந்து, மீண்டும் அங்கேயே போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, அறுபதுகளில் அங்கே தங்கியவர்கள். கோயில் கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள், கடை நடத்தினார்கள். 2023 கலவரத்தில் அங்கே தமிழர் சிலரும் வீடிழந்தனர். நம்மைப் போல் எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்குச் சீருடையைக் கண்டால் ஆறுதல் வருவது இயற்கை. ஆனால் அந்த ஆறுதலுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்ன விலை கொடுக்கிறான் என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

ரயில்வே சொல்லித்தரும் வழி

பாதையில் ஓரிடம் பலவீனமாக இருந்தால் ‘காஷன் ஆர்டர்’ போட்டு வேகத்தைக் குறைப்போம். பாதையைச் சரி செய்ததும் எடுத்துவிடுவோம். ஆண்டுக் கணக்கில் அதே இடத்தில் அது நீடித்தால், மேலதிகாரி வந்து ‘இத்தனை நாள் என்ன ரிப்பேர் செய்தீர்கள்?’ என்றுதான் கேட்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகும் அறிவிப்புக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

இன்னொன்று. ரயில் விபத்தில் உயிர்ச்சேதம் ஏற்பட்டால் விசாரிக்க வருபவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். தவறு செய்தவனே தன்னை விசாரிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதனால் எந்த இன்ஜினியரும் வேலை செய்யப் பயந்து ஓடிவிடவில்லை.

2016ல் உச்ச நீதிமன்றம், படையினருக்கு முழு விலக்கு என்று எதுவும் இல்லை என்றது. ஆனால் 2021 டிசம்பரில் நாகாலாந்தின் ஓட்டிங் கிராமத்தில் நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பிய ஆறு பேர், தீவிரவாதிகள் என்று தவறாகக் கருதிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொடர்ந்த மோதலில் மேலும் பலர் இறந்தனர். நாகாலாந்து சட்டமன்றம் சட்டத்தை நீக்கக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மாநிலப் போலீஸ் 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை கொடுத்தது. 2023ல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்று சொல்லி, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முடித்து வைத்தது.

ஆகவே, அடுத்த முறை உறவினர் யாராவது கேட்டால் நாம் இப்படிச் சொல்லலாம்: இங்குள்ளவர்கள் காவலை வெறுக்கவில்லை, கேட்பாரில்லாத காவலைத்தான் வெறுக்கிறார்கள். என் கேங்மேன் ஜவானை ஊரைவிட்டுப் போகச் சொல்லவில்லை. மனு கொடுக்க ஒரு மேசையும், அதை வாங்கிக்கொள்ள ஒரு மனிதரும் வேண்டும் என்றுதான் கேட்டார். அந்த மேசை இருக்கும் நாட்டில்தான் நம் பிள்ளைகளும் அவர் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் அச்சமின்றிப் படிக்க முடியும்.