குட்டியைக் கொஞ்சும் முன் தாயைப் பாருங்கள்!

வாரா வாரம் இந்தப் பகுதியில் தோழிகள் எழுதும் அனுபவங்களைப் படித்து விட்டு, "அட, நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கே" என்று நினைத்துக் கொள்வேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் நாய் வாங்க நினைக்கும் ஒரு அம்மாவுக்காவது இது உதவினால் எனக்கு சந்தோஷம்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். 2021-ல் நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு பெங்களூர் போயிருந்தோம். அங்கே ஒரு பாக்சர் நாய். சப்பை மூக்கும், சுருங்கிய நெற்றியும், சோகமான கண்ணுமாக இருந்தது. முதலில் நான் நடுங்கித்தான் போனேன். ஆனால் எங்கள் சின்னவன் அதன் வயிற்றில் தலை வைத்துத் தூங்கி விட்டான். அவன் எழும் வரை அது அசையவே இல்லை! அவ்வளவுதான். ஊர் திரும்பிய நாளிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு, "பாக்சர், பாக்சர்" என்று.

மாமியார் கேட்டார்கள், "நாய்க்குப் போடற சோத்தை ரெண்டு ஆட்டுக்குட்டிக்குப் போட்டா தீபாவளிக்காவது ஆகும். இது எதுக்குடி?" எனக்கும் விருப்பமில்லை. நாய் கேட்பது பிள்ளைகள், பீ அள்ளுவது அம்மா என்று எனக்குத் தெரியாதா? ஆனால் என் வீட்டுக்காரர் பிள்ளைகள் பக்கம் சாய்ந்து விட்டார்.

2022 ஜனவரியில், தெரிந்தவர் கொடுத்த போன் நம்பரைப் பிடித்து ஒரு வியாபாரியிடம் பேசினோம். "நாப்பத்தஞ்சு நாள் குட்டி சார், ஊசியெல்லாம் போட்டாச்சு" என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். பன்னிரண்டாயிரம் ரூபாய். தாய் எங்கே, ஊசி போட்ட அட்டை எங்கே என்று நாங்கள் கேட்கவே இல்லை. குட்டியின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்து போச்சு.

ஜிம்மி என்று பேர் வைத்தோம். ஐந்து நாள் நன்றாக இருந்தது. ஆறாம் நாள் காலை வாந்தி. சாயங்காலம் ரத்தமாகப் பேதி. அப்படி ஒரு நாற்றத்தை நான் அறிந்ததில்லை. அள்ளிக் கொண்டு ஓடினோம். பார்த்த டாக்டரம்மா, "பார்வோ" என்றார். நாய்க்குட்டிகளின் குடலை அரித்து விடும் வைரஸ் நோயாம். பல்லைப் பார்த்து விட்டு, "இது ஒரு மாசக் குட்டிம்மா. தாய்ப்பால் குடிக்கற வயசு. தடுப்பூசி போட்ட மாதிரி தெரியலை" என்றார். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் போய் விட்டது.

பெரியவள் அழுது தீர்த்தாள். சின்னவன் அழவில்லை. அதுதான் என்னை பயமுறுத்தியது. ஸ்கூலுக்கு கொடுத்து விட்ட பிஸ்கட்டை தொடாமல் திருப்பிக் கொண்டு வந்தான். நாலு நாள் இப்படியே. ஒரு ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தவன் மெல்லக் கேட்டான், "அம்மா... நான் ஜிம்மிக்கு யாருக்கும் தெரியாம பாதி பிஸ்கட் குடுத்தேன். அதனாலதான செத்துச்சு?"

ஆறு வயசுப் பிள்ளை இத்தனை நாள் இதை நெஞ்சில் வைத்திருந்திருக்கிறான்! அவனைக் கட்டிக் கொண்டு, "இல்லடா கண்ணு, பிஸ்கட்டால இல்ல. அது நோய். ஊசி போட்டிருக்கான்னு கேக்காம வாங்கினது அப்பாவும் நானும். தப்பு எங்களோடது" என்று சொன்னேன். பெரியவர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு, அந்தப் பிஞ்சு மனசு பழியைச் சுமந்தது. இதை எழுதும் போதும் கண் கலங்குகிறது.

மறு வாரமே வேறு குட்டி வாங்கலாம் என்றார் இவர். டாக்டரம்மா கண்டிப்பாக மறுத்து விட்டார். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக் கணக்கில், ஒரு வருஷம் வரை கூட உயிரோடு இருக்குமாம். சாதாரண பினாயிலுக்கு சாகாதாம். பிளீச்சிங் கலந்த தண்ணீரால் வீடு முழுக்க கழுவினேன். ஜிம்மியின் துணி, தட்டு எல்லாவற்றையும் எரித்தோம். ஒரு வருஷம் காத்திருந்தோம்.

அந்த ஒரு வருஷம் எனக்குப் பாடசாலை மாதிரி. டாக்டரம்மா முதலில் கேட்டது, "ஏன் பாக்சர்தான் வேணும்? நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் இந்த வெயிலுக்குப் பொறந்ததுங்க." நியாயமான கேள்விதான். ஆனால் அவை வேட்டை நாய்கள்; ஓடித் திரிய இடம் வேண்டும்; வெளி ஆட்களிடம் சட்டென்று ஒட்டாது. எங்களுடையது சின்ன வாசல், டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் எந்நேரமும் இருக்கும் வீடு. அதனால் பாக்சர் என்றே முடிவு செய்தோம். ஆனால் இந்த முறை அதன் குறைகளையும் கேட்டுத் தெரிந்து கொண்டுதான்.

பாக்சர் ஜெர்மனி நாட்டு நாய். 1895-ல் மியூனிக் நகரில் முதன்முதலாகக் கண்காட்சியில் காட்டினார்களாம். அந்தக் குளிர் தேசத்து நாய்க்கு நம் திருச்சி வெயில் ஆகுமா? மூக்கு சப்பையாக இருப்பதால் மூச்சு வாங்கி உடம்புச் சூட்டைத் தணித்துக் கொள்ள அதற்குக் கஷ்டம். குறட்டை விடும், எச்சில் ஒழுகும். பெட்டை 25 கிலோ, ஆண் 30 கிலோவுக்கு மேல் வரும். கடிக்கும் என்று பயப்படுவதை விட, தள்ளி விடும் என்று பயப்பட வேண்டும்! அன்பு மிகுதியில் முன்னங்காலைத் தூக்கிப் பாயும். ஒரு அரிசி மூட்டை பாய்ந்து வந்தால் நடை பழகும் குழந்தை என்ன ஆகும்? இரண்டு மூன்று வயசு வரை குட்டி மாதிரிதான் ஆடும். அதனால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் இதைப் போல ஒரு தோழன் கிடையாது.

இன்னொன்று: இந்த ஜாதிக்கு இதய நோயும் புற்றுநோய்க் கட்டிகளும் வருவது உண்டு. ஆயுள் பத்து, பன்னிரண்டு வருஷம். முழு வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்காது. கட்டிப் போட்டு வளர்க்கும் நாயும் இல்லை. வீட்டு ஆட்களோடு ஒட்டியே இருக்க வேண்டும். மொட்டை மாடியில் சங்கிலி போட்டு வைக்க நினைப்பவர்கள் தயவு செய்து வாங்காதீர்கள்.

2023 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா பதிவு பெற்று வளர்ப்பவர். நாங்கள் கேட்காமலே எங்களை உள்ளே கூப்பிட்டு தாய் நாயைக் காட்டினார். அது வாலை ஆட்டிக் கொண்டே வந்து சின்னவன் மடியில் தலையை வைத்தது. தாய் பயந்து பதுங்கினாலோ, உறுமினாலோ குட்டியும் அப்படி ஆக வாய்ப்பு அதிகம் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆறு குட்டிகள். சின்னவனுக்கு மூலையில் ஒளிந்திருந்த குட்டி மேல் ஆசை. "பாவம்மா அது" என்றான். ஆனால் எல்லோரையும் தள்ளிக் கொண்டு பாயும் குட்டியும் வேண்டாம், மூலையில் ஒதுங்கும் குட்டியும் வேண்டாம், நடுத்தரமாக இருப்பதே குழந்தைகள் வீட்டுக்கு நல்லது என்பது எனக்கு மனப்பாடம். பெயர் தெரியாத ஒரு குட்டி வந்து அவன் செருப்பை மோந்து பார்த்தது. கைதட்டினேன், திரும்பிப் பார்த்தது. தூக்கி மல்லாக்கப் பிடித்தேன், கொஞ்சம் துள்ளி விட்டு அடங்கியது. கண்ணில் பீளை இல்லை, பின்பக்கம் சுத்தமாக இருந்தது. இதுதான் என்று முடிவு செய்தேன்.

இவர் பணத்தை எடுத்தார். அப்போது சின்னவன் அந்த அம்மாவைப் பார்த்து, "ஆன்ட்டி, ஊசி போட்ட அட்டை எங்க?" என்று கேட்டான். அந்த அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டை அடைத்துக் கொண்டது.

குட்டிக்கு 41 நாள்தான் ஆகியிருந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்திருக்கிறது. முன்பணம் மட்டும் வாங்கிக் கொண்டு, நாள் நிறைந்த பிறகே ராணியை எங்களிடம் கொடுத்தார்.

தோழிகளே, எங்கள் வீட்டில் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்:

* முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள். பிறகு நான்கு மாதம் முடியும் வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை. வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதம், அப்புறம் வருஷா வருஷம். ஊசிகள் முடியும் வரை தெருவில் இறக்கவில்லை. குடல் புழு மருந்தும் தவறுவதில்லை.

* அது சாப்பிடும் போதும் தூங்கும் போதும் பிள்ளைகள் தொடக் கூடாது. முகத்தை மாற்றிக் கொண்டாலோ, உதட்டை நக்கினாலோ "போதும்" என்று அர்த்தம். விட்டு விட வேண்டும். சின்னக் குழந்தைகள் வந்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும்.

* விளையாட்டில் பல் பட்டு ரத்தம் வந்தால் கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரி. "வீட்டு நாய்தானே" என்று மஞ்சள் வைத்து விட்டு இருந்து விடாதீர்கள்.

* சாக்லேட், திராட்சை, வெங்காயம் கொடுக்கவே கூடாது. மீந்து போன சாம்பார் சாதத்திலும் வெங்காயம் உண்டு! உப்பு, மசாலா இல்லாமல் வேக வைத்த கோழி, முட்டை, சாதம் இரண்டு வேளையாகக் கொடுக்கிறேன். சாப்பிட்டவுடன் ஓட விடுவதில்லை. வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகுமாம்.

* கோடையில் விடிவதற்கு முன்னும், இருட்டிய பின்னும்தான் நடை. பகலில் ஈரச் சாக்கும் பேனும் வேண்டும். போன வெயிலில் கரண்ட் போன ஒரு மத்தியானம், ராணிக்கு மூச்சு இரைத்து, நாக்கு சிவந்து, கால் தள்ளாடியது. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறியால் வீசிக் கொண்டே ஆட்டோவில் தூக்கிப் போனோம். விசிறியது யார் தெரியுமா? ஆட்டுக்குட்டி வளர்க்கச் சொன்ன என் மாமியார்தான்!

செலவு மாதம் நாலாயிரம் ஆகிறது. அதனால் புடவைச் சீட்டை நிறுத்தி விட்டேன். பீ அள்ளுவது இப்போதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெரியவள். இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து விட்டு இறங்குங்கள்.

ராணிக்கு இரண்டு வயசு தாண்டி விட்டது. சின்னவன் தன்னுடைய தடுப்பூசி அட்டையையும் ராணியுடையதையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறான். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் போது மட்டும் இன்றைக்கும் என் முகத்தை ஒரு முறை பார்க்கிறான். "கால் துண்டு குடுக்கலாம்டா" என்றால்தான் கொடுப்பான்.

- ஒரு வாசகி, திருச்சி.