கோட்டை விடாத குட்டி வண்டி

கோடை முகாம்களில் பிள்ளைகள் முதலில் செய்வது பெரும்பாலும் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடும் ரோபோதான். அதற்குக் கண் ஏது?

வண்டியின் அடிவயிற்றில், கோட்டுக்கு இருபுறமும், இரண்டு அகச்சிவப்பு சென்சார்கள். ஒவ்வொன்றும் ஒளியைத் தரையில் பாய்ச்சி, திரும்பி வருவதை அளக்கும். வெள்ளைத் தாள் திருப்பி அனுப்பும்; கறுப்பு டேப் விழுங்கிவிடும். (நம் கண்ணுக்குக் கறுப்பான சில மைகள் சென்சாருக்கு வெள்ளை!) இடது சென்சார் கறுப்பைக் கண்டால் இடது மோட்டார் நிற்கும், வலது சக்கரம் மட்டும் சுழல, வண்டி இடப்பக்கம் திரும்பும்.

ஆனாலும் குடித்தவன்போலத் தள்ளாடும். ஏன்? அதற்குத் தெரிந்தது 'ஓடு', 'நில்' இரண்டே. எவ்வளவு விலகியது என்று அளந்து, அதற்கேற்ப வேகத்தை மாற்றும்படி நிரல் எழுதினால் நடை சீராகும்.

வெயிலில் ஓட்டிப் பார்க்காதீர்கள். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு, சென்சார் குழம்பிவிடும்.