ஹைகிரவுண்டுக்குப் போக என்ன தயக்கம்?

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று இருபது வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டுச் சுவர்களெல்லாம் கேட்டன. டீக்கடைகளில் சிரித்தார்கள். கேலியோடாவது, வாய்விட்டுச் சொல்லக் கூசிய ஒன்றை ஊரே பேசியது. அந்த விழிப்புணர்வு விளம்பரம் மறைந்துவிட்டது, கிருமி மறையவில்லை.

திருநெல்வேலியிலிருந்து நாற்கரச் சாலையில் வடக்கே போனால், கோவில்பட்டிக்கு அப்பால் சாத்தூர். 2018 டிசம்பரில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அதில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கோ, வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்துகொண்டபோதுதான் விஷயம் தெரிந்தது. தாமாகவே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது.

2016-லேயே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தது என்பதுதான் கொடுமை. அந்த முடிவு அவர் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்த டிசம்பர் முடிவதற்குள் அவர் உயிரும் போயிற்று. பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அதற்குத் தொற்று இல்லை. கர்ப்பத்திலேயே மருந்து தொடங்கினால் பெரும்பாலும் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம்.

ரத்தத்தை விட உடலுறவில்தான் இந்தக் கிருமி அதிகம் பரவுகிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், விவரம் ரகசியம். ஆனால் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பலர் பால்வினை நோய்களுக்கு மருந்துக்கடையில் மாத்திரை கேட்கிறார்கள். லாட்ஜில் அறை எடுத்து 'ரகசிய நோய்' பார்க்கும் வைத்தியரிடம் பணத்தைக் கொட்டுகிறவர்களும் உண்டு. மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் இப்படிப்பட்டவர்களை நன்றாக ஏமாற்றும். புண் தானே ஆறிவிடும், கிருமி உள்ளே தங்கிவிடும். ஆரம்பத்திலேயே வந்தால் ஒரு பென்சிலின் ஊசி போதும். துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை தராவிட்டால் நோய் திரும்பவும் வரலாம். பிறப்புறுப்பில் புண் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றுவதும் எளிது.

ஆணுறை இல்லாத உறவுக்கு மறுநாளே பரிசோதித்து 'இல்லை' என்று வந்தால் நிம்மதி கொள்ள வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும், தவறுதலாக ஊசி குத்திக்கொண்ட செவிலியர்களும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். தொற்று உறுதியானவர்கள் கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்தால், உடலுறவில் அது துணைக்குப் பரவாது.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவரின் சம்மதமின்றிப் பரிசோதிக்கக் கூடாது. வேலை தரவும் பள்ளியில் சேர்க்கவும் பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. தொற்றுள்ள மனைவியைக் குடும்ப வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. மீறினால் குறைதீர்ப்பாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். அவர் 30 நாட்களுக்குள் உத்தரவிட வேண்டும், அவசரச் சிகிச்சை மறுக்கப்பட்டிருந்தால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். எங்கே போவதென்று தெரியாதவர்கள் 1097-ஐ அழைக்கலாம், கட்டணமில்லை.