பாகில் ஊறும் பழம்: பிரான்சின் பொறுமைக் கலை

பறித்த பழம் விரைவில் கெடுவதற்கு அதனுள் நிறைந்திருக்கும் நீரே முதற்காரணம். பூஞ்சைகளும் பிற நுண்ணுயிர்களும் அந்த நீரைக் கொண்டே பெருகுகின்றன. சர்க்கரை போதிய அளவில் சேரும்போது அது நீரைத் தன்பால் பிணைத்துக்கொள்வதால், நுண்ணுயிர்கள் வாழ வழியின்றிப் பழம் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. உலகெங்கும் அறியப்பட்ட இந்த எளிய விதியைப் பழத்தின் உருவம், நிறம், மணம் ஆகிய மூன்றும் குலையாதபடி கையாளும் நுண்கலையாக வளர்த்தெடுத்தவர்கள் என்ற பெருமை பிரெஞ்சுக் கைவினைஞர்களுக்கு உண்டு.

சர்க்கரை அரிதாகவும் விலைமிக்கதாகவும் இருந்த இடைக்காலத்தில் அது மருந்துக்கடைப் பொருளாகவே கருதப்பட்டது. எதிர்காலக் கணிப்புகளுக்காகப் பெயர்பெற்ற நாஸ்ட்ரடாமஸ், மருத்துவர் என்ற முறையில் 1555ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் பழப்பாகுகள் செய்யும் முறைகளை விரிவாக எழுதியிருப்பது இதனால்தான். அதற்கும் முன்பே, 14ஆம் நூற்றாண்டில் திருத்தந்தையர் அவிஞ்ஞோன் நகரில் தங்கி ஆட்சி செய்த காலத்தில், அருகிலுள்ள ஆப்ட் என்னும் சிற்றூரின் பழ இனிப்புகள் அவர்களுடைய பந்திக்குச் சென்றன. செர்ரி, ஆப்ரிகாட், முலாம்பழம் முதலியவை செழித்து விளையும் ப்ரொவான்ஸ் நிலப்பகுதியில் அமைந்த அவ்வூர் இன்றும் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது.

ஆப்ட் நகரில் செய்யப்படுவது 'ஃப்ருய் கொன்ஃபி', அதாவது முழுப்பழத்தின் உள்ளிருக்கும் நீர் வெளியேறி, அவ்விடத்தைச் சர்க்கரைப்பாகு நிரப்பும்படி ஊறவைத்த பழம். பழத்தை நேரடியாகக் கெட்டிப்பாகில் இட்டால், உள்ளிருக்கும் நீர் ஒரேயடியாக வெளியே பாய்ந்து, பாகு உட்புகும் முன்பே பழம் சுருங்கி இறுகிவிடும். ஆகவே முதலில் வெந்நீரில் இட்டு மென்மையாக்கி, பின்னர் நீர்த்த பாகில் ஊறவைத்து, அந்தப் பாகின் செறிவை இடைவெளிவிட்டுச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்கிறார்கள். சிறு பழங்களுக்குச் சில நாட்களும், பெரிய பழங்களுக்குப் பல வாரங்களும் இவ்வாறு கழிகின்றன. ஆப்டின் கைவினைஞர்களைப் பாராட்டவேண்டியது சுவைக்காக மட்டுமன்று. அவசரப்படுத்த முடியாத இந்த வேலையின் போக்குக்குத் தங்கள் தொழிலையே பணியச் செய்திருப்பதற்காகவும்தான்.

ஜாம் செய்யும் முறை வேறு. பழத்தின் செல்சுவர்களில் உள்ள பெக்டின் என்னும் பொருள், அமிலமும் சர்க்கரையும் உரிய அளவில் சேர்ந்தால் வலைபோலப் பின்னிக்கொண்டு பாகைக் கட்டியாக்குகிறது. இப்பொருளை 1825ஆம் ஆண்டு ஆராய்ந்து பெயரிட்டவர், நான்சி நகரைச் சேர்ந்த வேதியியலாளர் ஆன்ரி பிராக்கொனோ. பாகு ஏறத்தாழ 105 பாகை செல்சியசை எட்டும்போது பதம் வந்துவிடுகிறது. கைவினைஞர்கள் அகன்ற செம்புச் சட்டியை விரும்புவதற்குக் காரணம், அது வெப்பத்தை விரைவாகப் பரப்புவதும், அகன்ற வாய் நீரைச் சீக்கிரம் ஆவியாக்குவதுமே; கொதிக்கும் நேரம் குறையக் குறைய மணமும் நிறமும் மிகுதியாக எஞ்சுகின்றன. ஒரே தடவையில் சில கிலோ பழம் மட்டுமே காய்ச்சுவதும் இதற்காகவே.

இவை எல்லாவற்றிலும் மிகுந்த வியப்புக்குரியது வடகிழக்கில் உள்ள பார்-லெ-டுயூக் ஊரின் தயாரிப்பு. 1344ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இதற்குச் சான்று கிடைக்கிறது. ரெட் கரண்ட் எனப்படும், மிகச் சிறிய பழம் ஒவ்வொன்றிலிருந்தும், சாய்வாகச் சீவிய வாத்திறகின் முனையால், தோல் கிழியாமல் விதைகளை வெளியே எடுத்துவிட்டு, பின்னரே பழத்தைப் பாகில் சேர்க்கிறார்கள். கண்ணாடிக் குப்பியில் அப்பழங்கள் மணிமணியாக, உருக்குலையாமல் மிதந்து நிற்கின்றன. விதை எடுப்பதில் தேர்ந்த கைகள் இன்று மிகச்சிலவே. இக்கைவினையைக் காப்பது, உணவைப் பண்பாடாகக் கருதும் சமூகம் ஒன்றின் கடமை.

இவையன்றி, பாதாமையும் பாகில் ஊறிய முலாம்பழத்தையும் அரைத்துச் செய்யும் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்சின் கலிசோன், செஸ்ட்நட் கொட்டையைப் பாகில் ஊறவைத்த மரோன் கிளாசே ஆகியவையும் புகழ்பெற்றவை.

இப்பொருள்களை வாங்குவோர் குப்பியின் மேலுள்ள அட்டையைப் படித்துப் பார்ப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு விதிப்படி, பெரும்பாலான பழங்களில் ஒரு கிலோ ஜாமுக்கு 350 கிராம் பழமும், 'எக்ஸ்ட்ரா' வகைக்கு 450 கிராம் பழமும் குறைந்தபட்சத் தேவை. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் இவற்றை முறையே 450, 500 கிராமாக உயர்த்தியது. நல்ல கைவினைஞர் இந்தக் குறைந்தபட்ச அளவோடு நின்றுவிடுவதில்லை.