செட்டில்மென்ட் எழுதும் முன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுவது என் தொழில். வயதானவர்கள் பெரும்பாலும் வீட்டைப் பிள்ளை பேருக்குச் செட்டில்மென்ட் எழுதத்தான் வருவார்கள். எழுதினால் எனக்கு வருமானம். இருந்தாலும் கேட்டுவிடுவேன்: "மாசச் செலவுக்கு என்ன வழி வச்சிருக்கீங்க சார்?"

அண்மையில் வந்தவர் சிப்காட் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பென்ஷன் இரண்டாயிரத்துச் சொச்சம். அந்தப் பென்ஷனுக்கு அரசு 2014 இல் வைத்த குறைந்தபட்சமே மாதம் 1,000 ரூபாய்தான். வந்த பணம் சர்க்கரை மாத்திரைக்கும் சிலிண்டருக்கும் சரியாகிவிடுகிறது. குடியிருக்கும் வீடோ 40 லட்சம் பெறும். "கடைசியா எல்லாம் அவனுக்குத்தானே, இப்பவே எழுதிட்டா மாசம் ஏதாவது குடுப்பான்" என்றார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்காகவே வந்தது ரிவர்ஸ் மார்ட்கேஜ். 2007 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப.சிதம்பரம் அறிவித்தார், அந்த ஆண்டே தேசிய வீட்டுவசதி வங்கி நெறிமுறைகளை வெளியிட்டது. வீட்டை அடமானம் வைத்தால் வங்கி நமக்கு மாதாமாதம் பணம் தரும். வீடு நம் பேரிலேயே இருக்கும். நாமும் அதிலேயே இருக்கலாம். இருக்கும்வரை அசலும் வட்டியும் கட்ட வேண்டியதில்லை. 60 வயது ஆகியிருக்க வேண்டும். தம்பதியாக வாங்கினால் துணைக்கு 55 தாண்டினால் போதும். வரும் தொகைக்கு வருமான வரி இல்லை.

எவ்வளவு வரும் என்று சொன்னதும் பலருக்கு முகம் சுருங்கிவிடும். 40 லட்சம் வீட்டுக்கு 60 சதவீதம், அதாவது 24 லட்சம் கணக்கில் எடுத்து, 10 சதவீத வட்டி என்று வைத்தால், 15 வருஷத்துக்கு மாதம் சுமார் 5,800 ரூபாய். கைக்கு வருவது மொத்தம் பத்தரை லட்சத்துக்குள். மீதி வட்டி. அதையே 20 வருஷமாக நீட்டினால் மாதம் 3,200கூடத் தேறாது. அதனால்தான் அறுபதிலேயே அவசரப்படாமல், தள்ள முடிந்தவரை தள்ளி எழுபதுக்கு மேல் கேளுங்கள் என்பேன். தவணைக் காலம் முடிந்தால் பணம் வருவது நிற்கும். வீட்டை விட்டு யாரும் கிளப்ப முடியாது. ஆனால் பிள்ளை வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் தொடர்ந்து வீட்டைப் பூட்டிப் போட்டால் வங்கி கடனைத் திருப்பிக் கேட்கலாம்.

இருவர் காலத்துக்கும் பிறகு வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வங்கி விற்று, கடன் போக மிச்சத்தைத் தரும். விலை கடனுக்குக் குறைந்தால் பிள்ளைகளிடம் கேட்க முடியாது. பையன்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

நம் பக்கத்தில் காரியம் கெடுவது பத்திரத்தில். சுயார்ஜித வீடாக இருக்க வேண்டும். அப்பா கட்டிய, பாகம் பிரிக்காத வீடு என்றால் வங்கி தொடாது. கட்டடம் இன்னும் 20 வருஷமாவது தாங்க வேண்டும். 2011 தானே புயலில் தளம் விரிசல் விட்டு, மேலே பூசி மட்டும் விட்ட வீடுகள் கடலூரில் எத்தனையோ. மதிப்பீட்டு இன்ஜினீயர் வந்தால் முதலில் மொட்டைமாடிக்குத்தான் ஏறுவார். வீட்டு வரி, இன்ஷூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் நம் செலவுதான்.

சிப்காட்காரர் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். கிரயப் பத்திரம் அவர் பேரில். தாய்ப்பத்திரம் இருந்தது. வில்லங்கச் சான்றும் சுத்தம். பட்டா மட்டும் பக்கத்து மனைக்காரரோடு கூட்டுப் பட்டா.

செட்டில்மென்ட்தான் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு, பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்து எழுதித் தருகிறேன். பிள்ளை கைவிட்டால் எழுதியதை ரத்து செய்யக் கேட்க, 2007 முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு இருக்கிறது. அந்த வரி இல்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டு வழக்காடுவது கஷ்டம்.

சிப்காட்காரர் செட்டில்மென்ட் எழுதவில்லை. பட்டாவைப் பிரிக்கத் தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருக்கிறார். சர்வேயர் இன்னும் அளக்க வரவில்லை.