மழை குறைந்த மண்ணில் பால் தரும் கொறங்காடு!

காங்கேயம் காளையைத் தெரியாதவர் உண்டா? நிமிர்ந்த திமில்! வளைந்த கொம்பு! 2017-ல் ஜல்லிக்கட்டுக்காக ஊரெல்லாம் கூடியபோது, எங்கும் இந்த மாட்டைப் பற்றித்தான் பேச்சு.

இந்த மாடு எதைத் தின்று வளர்கிறது?

"கொறங்காடு" என்ற மேய்ச்சல் நிலத்தில் புல்லைத் தின்று வளர்கிறது.

காடு என்றதும் புலியும் யானையும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்! கொங்கு நாட்டில் மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள். கொறங்காடு, ஒரு குடும்பத்தின் சொந்த மேய்ச்சல் நிலம். காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் இதைப் பார்க்கலாம். அங்கே ஆண்டுக்குச் சுமார் 600 மில்லி மீட்டர் மழைதான். நெல், கரும்புக்கு அது போதாது. புல்லுக்குப் போதும்.

புல், மரம், வேலி

கொறங்காட்டில் வளர்வது கொழுக்கட்டைப் புல். வெயிலில் காய்ந்து கிடக்கும். செத்துவிட்டது என்று நினைப்போம். ஒரு மழை பெய்தால் தூரிலிருந்து பச்சை கிளம்பும்.

இடையிடையே வெள்வேல் மரங்கள். மாடு நிற்க நிழல். கோடையில் புல் தீர்ந்தபின் மரத்திலிருந்து விழும் காய்களை மாடும் ஆடும் தின்னும். சாணத்தோடு விழும் விதை, மீண்டும் மரமாகும். நட ஆள் வேண்டாம்!

சுற்றிலும் கிளுவை வேலி. முள் உள்ள இந்தச் செடியின் போத்தை வெட்டி நட்டால் உயிர்வேலி ஆகிவிடும். வேலி இருப்பதால் மாட்டின் பின்னால் நாளெல்லாம் ஆள் நிற்க வேண்டியதில்லை. காலையில் படலைத் திறந்து உள்ளே விட்டால், மாலையில் போய் ஓட்டி வரலாம்.

கன்றுக்குப் பிறகே வீட்டுக்கு

காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். புதிதாகப் பார்ப்பவர், "இது வேறு மாட்டின் கன்றோ?" என்று கேட்பார். ஆறு மாதம் போனால் தாயின் சாம்பல் நிறம் வந்துவிடும்.

கன்று ஊட்டினால்தான் பசு பால் சுரக்கும். கன்றுக்கு விட்டு, பிறகுதான் வீட்டுக்குக் கறப்பார்கள். நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர்தான் கிடைக்கும். குழந்தைக்குப் பால், மோர், கொஞ்சம் வெண்ணெய் என்று வீட்டுக்கே சரியாகப் போய்விடும். அதனால், சொசைட்டிக்குப் பால் ஊற்ற எருமையும் வளர்க்கிறார்கள். எருமையும் அதே புல்லைத்தான் மேய்கிறது.

சீமைக் கலப்புப் பசு பத்து லிட்டர்கூடக் கறக்கும். ஆனால் அதற்குப் பசுந்தீவனம் வேண்டும், தவிடு, புண்ணாக்கு வேண்டும். கிணற்றில் தண்ணீர் வேண்டும். காங்கேயம் பசு வெயிலில் காய்ந்த புல்லைத் தின்றே நிற்கும். கறக்கும் லிட்டரை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பாகிவிடும்.

கணக்கு எங்கே இடித்தது?

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் குறைகிறது?

அந்தக் காலத்தில் பாலை நம்பி யாரும் காங்கேயம் பசு வளர்க்கவில்லை. காளைக் கன்றுதான் பணம்! ஏர் உழவும், கவலை இறைக்கவும், வண்டி இழுக்கவும் காளை வேண்டும். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். பம்பு செட்டும் டிராக்டரும் வந்தன. காளைக்கு வேலை போயிற்று. வேலை இல்லாத காளைக்கு விலை ஏது?

அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால் காடு சிறுத்துவிடுகிறது. இரண்டு, மூன்று பட்டியாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய்த்தால்தான் புல் தழைக்கும். சிறிய துண்டில் அது முடியாது. பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். நிலத்துக்கு நல்ல விலை வந்தால் விற்றுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

விற்காதவர்கள், ஐப்பசி மழை விழுந்ததும் ஒரு பட்டியின் படலை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். புல் பூத்து, விதை உதிரும் வரை அதற்குள் மாடு போகாது. மேய வேறு இடம் இல்லாத நாளில், வீட்டில் போர் போட்டு வைத்த சோளத்தட்டுதான்.