பூசணி, பூனை, அப்புறம் ஒரு ‘பூ’!

ஷ்ஷ்… சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள்! நந்தனம் சிக்னலில் அக்டோபர் 30 அன்று தேவர் சிலைக்கு விழுந்த மாலைகள்கூட இன்னும் முழுசாக வாடவில்லை. இன்றைக்கு 31, ஹாலோவீன். வெளியே ஐப்பசி மழை விடாமல் கொட்டுகிறது. எங்கள் மூன்றாவது மாடிக் கூடத்திலோ திரைச்சீலை இழுத்தாயிற்று, விளக்கை அணைத்தாயிற்று, லேப்டாப்பை டிவியோடு இணைத்தாயிற்று. நாலு வயதிலிருந்து ஏழு வரை, ஐந்து வாண்டுகளுக்கு இன்று பேய் விளையாட்டு விருந்து!

விருந்துக்கு முந்தைய சமையலறைக் கதையைத்தான் உங்களிடம் போட்டு உடைக்கப் போகிறேன். ஒரு வாரமாக, பிள்ளைகள் தூங்கிய பிறகு ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து பேய்களுக்கு இன்டர்வியூ நடத்தினேன். கேள்விகள் மூன்றே மூன்று. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை ஆட முடியுமா? ஒரு விரல் போதுமா? தோற்றால் சிரிப்பு வருமா, அழுகை வருமா? ரத்தம் சொட்ட வந்த ஸாம்பிகள் வாசலிலேயே அவுட். நடுநடுவே கடன் விளம்பரம் குதிக்கும் இலவச ஆப்கள் அடுத்த சுற்றில் அவுட்.

முதல் ஆளாகத் தேறியது ஒரு கறுப்புப் பூனை. பெயர் மோமோ. 2016 ஹாலோவீனுக்காக கூகுள் டூடுலாக வந்த ‘மேஜிக் கேட் அகாடமி’யின் நாயகி. மந்திரப் பள்ளிக்குள் பேய்கள் புகுந்துவிடும். ஒவ்வொரு பேயின் தலைக்கு மேலும் ஒரு கோடு மிதக்கும்: படுக்கைக் கோடு, நெட்டுக் கோடு, கூரை, மின்னல். அதே கோட்டைத் திரையில் இழுத்தால் பேய் ‘புஸ்’! சிலேட்டில் கோணலாகக் கோடு போடும் வயதுதானே? அதே விரல், அதே கோடு!

இதன் திரைமறைவுக் கதைதான் எனக்கு உச்சி குளிர்ந்த இடம். மோமோ நிஜப் பூனை! டூடுல் ஓவியர் ஜூலியானா சென் வீட்டில் வளர்ந்தது. ஒரு பூனை, செத்தவர்களே எழுந்து வரும் அளவுக்கு ருசியாகச் சூப் வைக்கிறது என்பதுதான் முதலில் போட்ட திட்டமாம். பேய்ப் பண்டிகைக்கும் சூப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கைவிட்டுவிட்டார்கள். அடடா, நம்மைக் கேட்டிருக்கலாமே! கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சுவதையே பாட்டாகப் பாடி வைத்த ஊர்க்காரர்கள் இல்லையா நாம்?

அடுத்து நம் பழைய தோஸ்த் பேக்‌மேன், 1980. இதை வடிவமைத்தவர் ஜப்பானின் தோரு இவாதானி. நாலு பேய்களும் ஒன்று போலத் துரத்துவதாக நாம் நினைப்போம், இல்லையா? இல்லவே இல்லை! சிவப்பு நேராக வாலைப் பிடித்து வரும். இளஞ்சிவப்பு முன்னால் போய் மடக்கப் பார்க்கும். ஆரஞ்சு இருக்கிறதே, அது கிட்டே வந்ததும் தானே பயந்து மூலைக்கு ஓடிவிடும்! இது போதாதென்று, அவ்வப்போது நாலுமே சில விநாடி துரத்துவதை விட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போகும். ஆடுபவர் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று வைத்த ஏற்பாடு. இன்னொரு ரகசியம்: 2010-ல் வந்த கூகுள் பேக்‌மேனில் ‘இன்சர்ட் காயின்’ பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால் மிஸ் பேக்‌மேனும் வந்துவிடுவாள். அம்புக்குறிகள் பிள்ளைக்கு, இடப்பக்க எழுத்துகள் உங்களுக்கு. ஒரே கீபோர்டில் ரெண்டு பேர்!

கடைசியாக என் செல்லம்: மரியோ விளையாட்டுகளில் வரும் ‘பூ’. 1988-ல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3’-ல் பிறந்த வெள்ளை உருண்டை. நாம் திரும்பிப் பார்த்தால் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொள்ளும். முதுகைக் காட்டினால் துரத்தும். இது யார் தெரியுமா? வடிவமைப்பாளர் தகாஷி தெசுகாவின் மனைவி! அமைதியானவர், கணவர் எந்நேரமும் ஆபீஸே கதி என்று கிடந்ததில் ஒருநாள் வெடித்துவிட்டாராம். மரியோவை உருவாக்கிய மியாமோட்டோவே ஒரு பேட்டியில் சொன்னது. “பேய்க்குப் பேரு பூவா? மல்லியா, சாமந்தியா?” என்று பாட்டி கேட்க, அடுத்த கால் மணி நேரம் கூடத்தில் யாரும் விளையாடவில்லை. உருண்டு உருண்டு சிரித்ததுதான் மிச்சம்!

அலங்காரத்துக்கென்று கண்ணும் பல்லும் செதுக்கிய பூசணி ஒன்றைத் திரையில் போட்டேன். ஐந்து குரல்கள் ஒன்றாக: “ஐ! திருஷ்டிப் பூசணி!” பாட்டிக்கோ ஒரே கவலை. “உள்ள குங்குமம் வச்சியாடி? தெருவுல உடைக்கணுமே!” அயல்நாட்டுப் பண்டிகை எங்கள் வீட்டுக்குள் நுழைந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் நந்தனம்வாசி ஆகிவிட்டது. 2024-ல் தீபாவளியே அக்டோபர் 31 அன்று வந்து ஹாலோவீனுக்குக் கை கொடுக்கவில்லையா? மோமோவும் அந்த வருஷம் வானத்துக்கு ஏறி மூன்றாவது ஆட்டம் ஆடினாள். 2020-ல் கடலுக்கடியில் போய் வந்தவள்தான்.

நீங்களும் நடத்தப் போகிறீர்களா? காதைக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம் போதும். முதல் முறை தோற்பது நீங்களாக இருக்கட்டும். சத்தத்தைக் குறைத்து வையுங்கள். சின்னப் பிள்ளைகளை மிரட்டுவது பெரும்பாலும் படம் இல்லை, திடீர்ச் சத்தம்தான். முக்கியமாக, போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு நழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு மடி இருந்தால்தான் பேய் வேடிக்கை.

எட்டரை மணிக்கு விருந்து முடிந்தது. எங்கள் வீட்டு நாலு வயசுக்காரிக்கு இருட்டு நடையைத் தாண்டி பாத்ரூம் போக தினமும் துணைக்கு ஆள் வேண்டும். இன்றைக்கு நடை வாசலில் நின்றாள். விரலை நீட்டிக் காற்றில் ஒரு மின்னல் கிழித்தாள். இரண்டடி உள்ளே போய் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“போயிடுச்சு அத்தை. நீங்க பயப்படாம வாங்க!”